ஜெனிட்டாவின் மன்றாட்டை என்ன செய்வது

அன்புள்ள அருளுக்கு,

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் லூர்து டீச்சர். கீழே பாயில், எதிர் வரிசையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை இரண்டு பேர். பாகலூரிலிருந்து வரும் மேரியக்கா, ஷிப்ட் முடிந்து கம்பெனி சட்டையை மாற்றாமல் அப்படியே வந்திருந்தார். மாடி வீட்டு செலின். அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை, அதையும் ஒரு ஆளாக எண்ணியிருக்கிறேன். மாதா படத்துக்குக் கீழே நான். எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துவிட்டு வந்து சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற ஜெனிட்டா. ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பா. நீ இல்லை. உன் கம்பெனி பஸ் இன்னும் அத்திப்பள்ளி தாண்டவில்லை. யார் யார் இருந்தார்கள் என்று நீ அன்றைக்கு மூன்று தடவை கேட்டாய். "நம்ம ஆளுங்கதான்டா" என்று மூன்று தடவையும் நான் சொன்னேன். அது பதிலே இல்லை. எத்தனை காதில் விழுந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஜெனிட்டாவுக்கு உண்டு. அதனால்தான் ஒருவரையும் விடாமல் எழுதினேன்.

இதை வாட்ஸப்பில் அனுப்பவில்லை. தாளில் எழுதி, ஒட்டி, நானே தபாலாபீஸுக்குக் கொண்டுபோகப் போகிறேன். உன் அப்பா கூடப் படிக்கவில்லை. நீ படித்துவிட்டு ஜெனிட்டாவிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். நீங்கள் இரண்டு பேரும் வீட்டை விட்டுப் போய் ஆறு வாரம் ஆகிறது. "நல்லா இருக்கோம்" என்று வாரத்துக்கு ஒரு மெசேஜ் வருகிறது. அதில் உன் குரல் இல்லை. கோபமாவது இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

முதலில் அந்த மன்றாட்டுப் பக்கத்தை நான் ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். நம் அன்பிய ஜெபக்குழுவில் வெகுகாலமாக ஒரு பிஸ்கட் டப்பா சுற்றிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். வாரா வாரம் ஒரு வீட்டில் கூடுவோம், மன்றாட்டைச் சீட்டில் எழுதி அதில் போடுவோம், யாராவது எடுத்து வாசிப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். அதனால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். உலக சமாதானம், மழை, பிள்ளைகள் படிப்பு, இதுதான் வரும். புருஷன் குடித்துவிட்டு அடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள் உலக சமாதானத்துக்கு எழுதிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். நீ புது லேப்டாப் வாங்கிப் பழையதை என்னிடம் விட்டுவிட்டுப் போனபோது, மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து, சிலிண்டர் மாற்றின தேதி எழுதும் அதே நோட்டில் குறிப்பெடுத்து, பத்து மாதத்தில் ஒரு வெப்சைட் எழுதினேன். அவரவர் போனில், அவரவர் லாகினில், இரண்டு விதமாக மன்றாட்டு எழுதலாம். ஒன்று கூட்டத்தில் வாசிப்பதற்கு. இன்னொன்று மனசுக்குள் வைப்பதற்கு. எழுதினவரும் ஆண்டவரும் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான்தான் எழுந்து நின்று சொன்னேன். டேட்டாபேஸைத் திறந்தால் எல்லாம் என் கண்ணில் படும். திறக்கவில்லை. பூட்டிய பீரோவின் சாவி கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் திறப்பார்களா?

இதில் ஜெனிட்டாவின் பங்கை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் டெஸ்டிங் வேலை பார்க்கிற பெண். ஒரு நாள் வேலைக்கு நடுவில் டீ குடிக்க வந்தவள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, ரெண்டு பேரு ஒரே நேரத்துல திறந்தா என்னாகும்?" என்று கேட்டாள். "நம்ம அன்பியத்துல இருக்கறதே எட்டுப் பேரு. எவ ஒரே நேரத்துல திறக்கப் போறா?" என்றேன். சிரித்தேன் வேறு. அவளும் சிரித்துக்கொண்டே, "நாங்க அதைத்தான் முதல்ல அடிச்சுப் பார்ப்போம்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டு, "நீயும் ஒண்ணு எழுதும்மா, மனசுல இருக்கறதை எழுது, நான்கூடப் பார்க்க மாட்டேன்" என்று சொன்னதும் நான்தான். கேட்டுக்கொண்டதற்காக எழுதினாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு எழுத வேண்டியிருந்தது, எழுத வேறு இடம் இல்லை என்று இப்போது புரிகிறது.

அந்த வியாழன் வரை எல்லோரும் தத்தம் வீட்டில், தத்தம் நேரத்தில் எழுதினார்கள். ஒரு குறையும் இல்லை. அன்றுதான் லூர்து டீச்சர், பழைய வகுப்பறைக் குரலில், "எல்லாரும் போனை எடுங்க, திறங்க, பக்கத்துல எட்டிப் பார்க்கப்படாது" என்றார். சிரிப்பு. எல்லோரும் சேர்ந்தாற்போல் திறந்தார்கள். ஜெனிட்டாவும் கதவோரம் நின்றபடி தன் போனைத் திறந்தாள். டீச்சருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான். எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டி, கணீரென்று வாசிக்கிறவர். வாசித்து முடித்த பிறகுதான் அர்த்தம் அவருக்கே எட்டும். பேத்தியின் பரீட்சைக்காக அவர் எழுதியது ஒன்றே ஒன்று. திரையிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசித்தார். இரண்டு வரி. ஒரு பிள்ளை வந்து பத்தாவது வாரத்தில் போய்விட்டது என்றும், அது அத்தைக்கு, அதாவது எனக்கு, தெரியாமலே இருக்கட்டும் என்றும் அதில் இருந்தது. மீதியை நான் எழுத மாட்டேன். அது அவளுடையது.

அருள், இதற்கு அடுத்து நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. ஜெனிட்டா சொன்னாளா என்று தெரியாது. மன்றாட்டை வாசித்து முடித்தால் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வது நம் வழக்கம். வாய் தானாகச் சொல்லும். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டோம். தையல் கடைக்காரர்கள், செலின், மேரியக்கா, எல்லோரும் ஒரே குரலில். நானும் சொன்னேன். எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்கிற மன்றாட்டுக்கு நானே பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்கும் அர்த்தம் எட்டியது. "இது நான் எழுதினது இல்லையே" என்றார் டீச்சர். "அய்யோ தேவ்ரே" என்று மேரியக்கா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கதவோரம் திரும்பிப் பார்த்தேன். ஜெனிட்டா போனைக் கீழே வைத்தாள், காலித் தட்டுகளைக் கையில் எடுத்தாள், உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. தட்டெல்லாம் கழுவி முடித்துத்தான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் குழாய்ச் சத்தத்தை நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுந்து போகவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்கே தப்பு நடந்திருக்கும் என்று.

நீ வந்தாய். மறுநாள் காலையில் பெட்டி கட்டினாய். "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்புப்பா" என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய், "கம்ப்யூட்டர்ல இல்லம்மா. எழுதினவங்க மாதிரிதான் புரோகிராமும் இருக்கும்." ஜெனிட்டா "வர்றேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். அது எனக்கு உன் பேச்சை விட அதிகமாக வலித்தது.

எங்கே தப்பு என்று நானே கண்டுபிடித்தேன். அது பெருமைக்குச் சொல்வதல்ல. ஜெனிட்டா முதல் நாளே கேட்டதை நான் ஒரு வாரம் கழித்துச் செய்து பார்த்தேன், அவ்வளவுதான். மத்தியானம் உன் அப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, அவர் போனில் ஒரு லாகின் போட்டுக் கொடுத்து, "எதையாவது எழுதுங்க, சோதனைக்குத்தான்" என்றேன். நான் 'சோதனை ஒன்று' என்று எழுதினேன். அவர் ஒற்றை விரலால் ரொம்ப நேரம் எழுதினார். "இன்னா, புஸ்தகமா எழுதறீங்க?" என்றேன். "சும்மா இரு" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். ஏழெட்டுத் தடவை சரியாக வந்தது. அதற்கு அடுத்த தடவை என் போனில் வந்தது, 'ஜெனிட்டா திரும்பி வரட்டும். இவள் அவளை எதுவும் கேட்காமல் இருக்கட்டும்.' உன் அப்பா பூசைக்கே பாதி ஞாயிறு வருகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. "அது சோதனைக்குத்தானே எழுதச் சொன்ன" என்றார். பிறகு எழுந்துபோய் ஸ்கூட்டரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நீ இந்த வேலையில் இருக்கிறவன், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஜெனிட்டா கேட்டால் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சர்வர் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை செய்து எல்லோரும் பகிர்ந்துகொள்கிற ஆப்ஜெக்ட், புரோகிராமுக்குள் தகவல் வைக்கிற ஒரு பாத்திரம், உண்டு என்று பாடத்தில் படித்தேன். டேட்டாபேஸ் தொடர்பை அப்படித்தான் வைக்க வேண்டும் என்றார்கள், வருகிறவர் ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தொடர்பு போட்டால் சர்வர் திணறும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அப்படியானால் வந்திருக்கிறவர் யார் என்று ஞாபகம் வைக்கிற ஆப்ஜெக்டையும் ஏன் ஆளுக்கொன்று செய்ய வேண்டும்? ஒன்றே ஒன்று இருக்கட்டும், ஒருத்தி வந்தால் பழைய பெயரைத் துடைத்துவிட்டு இவள் பெயரை எழுதுவோம், அடுத்தவள் வந்தால் மறுபடி துடைப்போம். ஒரே வாணலியில் காலையில் தாளித்து, கழுவி, மத்தியானம் வறுத்து, கழுவி, சாயங்காலம் பொரித்து முப்பது வருஷம் சமைத்தவள் நான். சர்வரின் மெமரி ஏறாமல் கோடு போட்ட மாதிரி இருந்ததைப் பார்த்து, என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் சமையலறையில் ஒரு நேரத்தில் ஒருத்திதான் வாணலியைப் பிடிப்பாள். இங்கே அப்படி இல்லை. டீச்சர் திறந்தபோது அந்த ஆப்ஜெக்டில் டீச்சர் பெயர் எழுதப்பட்டது. அவர் கடவுச்சொல் சரியா என்று பார்க்க சர்வர் டேட்டாபேஸுக்குப் போய்க் காத்திருந்தது. கண் சிமிட்டுவதை விடக் குறைந்த நேரம். அந்த நேரத்துக்குள் ஜெனிட்டா திறந்தாள். டீச்சர் பெயர் துடைக்கப்பட்டு அங்கே அவள் பெயர் வந்தது. டீச்சருக்காகக் காத்திருந்த வேலை திரும்பி வந்து, யாருடைய மன்றாட்டை எடுக்க வேண்டும் என்று பார்த்தது. ஜெனிட்டா என்று இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டது. சர்வரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆப்ஜெக்ட் ஒருவர் வரும்போது பிறந்து, அவருக்குப் பதில் போனதும் மறைய வேண்டியது. அதைச் சாகவிடாமல் பொதுவில் நிறுத்தி வைத்தது நான்.

உன் வார்த்தைக்கு வருகிறேன். எழுதினவங்க மாதிரி என்றாய். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எனக்கு நீ ஆறாம் வகுப்பில் இருந்தது ஞாபகம் வந்தது. உனக்குப் பேச்சு திக்கும். நான் பங்கு அலுவலகத்தில் உன் பெயரைச் சொல்லி, நம் தெருவைச் சொல்லி, திக்காமல் பேச வேண்டும் என்று பூசைக் கருத்தாக வேண்டுதல் எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு பூசையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முன் வரிசையில் உன் வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னை மைக்கு மைக்கு என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும். நீ என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எதையுமே என்னிடம் முதலில் சொன்னதில்லை, பரீட்சை முடிவானாலும் சரி, ஜெனிட்டாவைப் பிடித்திருக்கிறது என்பதானாலும் சரி. பையன் அழுத்தக்காரன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆண்டவரிடம்தானே கேட்டேன், அதில் என்ன தப்பு என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆண்டவரிடம் கேட்க ஒலிபெருக்கி எதற்கு என்று தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உனக்கும் தெரியாது. சமையலறைக் காலண்டரில் மாதா மாதம் ஒரு தேதியில் பென்சிலால் சின்னப் புள்ளி இருக்கும். ஜெனிட்டா வயிற்று வலி என்று படுக்கிற நாள் அது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து வைத்தேன். புள்ளி தள்ளிப்போனால் எனக்குச் சந்தோஷம், வந்துவிட்டால் கல்லாவியில் உன் சித்திக்குப் போன். "இந்த மாசமும் இல்லடி" என்று. பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதினேன். இரண்டு மாதம் புள்ளி இல்லாமல் இருந்ததும், நான் ஒன்றும் கேட்காமல் பொறுமையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளுக்குப் பிடித்த கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து போட்டதும், மூன்றாம் மாதம் அவள் பெங்களூரில் ட்ரெயினிங் என்று ஐந்து நாள் போய் வந்ததும் இப்போது ஒன்றோடொன்று சேர்கின்றன. திரும்பி வந்தவளிடம் வாசலிலேயே கேட்டேன், "ஏதாவது விசேஷம் உண்டாம்மா?" அவள், "இல்ல அத்தை" என்றாள். பையைக் கையிலிருந்து கீழே வைப்பதற்குள் கேட்டேன், அருள்.

காலண்டரைக் கழற்றிவிட்டேன். சித்தியிடம் இனி ஜெனிட்டாவைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "என்னக்கா, மருமக மருந்து வெச்சுட்டாளா?" என்றாள். போனை வைத்துவிட்டேன். லூர்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிடவே இல்லையாம் இரண்டு நாள். "நான் வாசிச்ச வாய்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். "நீங்க வாசிச்சது என் தப்பு டீச்சர்" என்றேன். மேரியக்காவும் செலினும் தையல் கடைக்காரர்களும் யாரிடமும் பேசவில்லை என்று சொன்னார்கள். நம்புகிறேன். ஆனால் இதற்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. முன்பு ஒரு தடவை கொடுத்தேன்.

பக்கத்தை அந்த வியாழன் இரவே மற்ற எல்லோருக்கும் மூடிவிட்டேன். பிறகு நோட்டில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'எல்லோருக்கும்' என்றும் இன்னொரு பக்கம் 'அவரவர்க்கு' என்றும் எழுதி, புரோகிராம் முழுவதையும் வரி வரியாகப் பார்த்தேன். அன்றைய திருவசனம், திருநாள் பட்டியல், டேட்டாபேஸ் தொடர்பு, இவை எல்லோருக்கும் பொது. சர்வர் இருக்கிறவரை இருக்கட்டும். வந்தவரின் பெயர், அவர் எழுதியது, அவர் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது, எல்லாம் அவரவர்க்கு. அவர் வரும்போது புதிதாகப் பிறக்கிறது, பதில் போனதும் போய்விடுகிறது. எதையும் துடைத்து மறுபடி உபயோகிப்பதில்லை. மெமரிக் கோடு இப்போது ஏறி இறங்குகிறது. ஏறட்டும். ஒரே நேரத்தில் இருநூறு பேர் திறப்பது மாதிரி ஒரு சோதனையும் எழுதி, வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு பெயர் கூட மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குள் திறந்துவிடுங்கள் என்று செலின் கேட்கிறாள். திறக்கவே வேண்டாம் என்று ஜெனிட்டா சொன்னால் திறக்க மாட்டேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆப்ஜெக்ட் நொடியில் மறைந்துவிடும். டேட்டாபேஸில் எழுதியது யாராவது அழிக்கிறவரை இருக்கும். ஜெனிட்டாவின் மன்றாட்டு அங்கே இருக்கிறது. நான் திறந்து படிக்கவில்லை, எத்தனையாவது வரிசை என்று மட்டும் தெரியும். முதல் வாரமே அழித்துவிடத்தான் நினைத்தேன், கட்டளையைக் கூட அடித்துவிட்டேன். அழுத்தவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இல்லை. கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்க ஒரு இடம் இல்லை. எனக்குத் தெரிந்து அது வந்து போனதற்கு எழுத்தில் இருப்பது அவளுடைய அந்த இரண்டு வரிதான். அதை நான் அழித்தால், அவளுடையதை மறுபடி என் கையில் எடுத்த மாதிரி ஆகும். வைத்திருந்தாலும் அப்படித்தான்.

அவளுடைய லாகின் ஒன்றுக்கு மட்டும் பக்கம் திறக்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். அவள் நினைத்தால் உள்ளே போய் அவளே அழிக்கலாம். அழிக்க மனமில்லை என்றால் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பிறகு அழிக்கலாம். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், நான் இருக்கிற வரை அந்த சர்வரை நிறுத்த மாட்டேன். போய்ப் பார்க்கவே முடியாது, நீங்களே அழித்துவிடுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறேன். வீட்டுக்கு வாருங்கள் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. என்னிடம் பேசச் சொல்லியும் கேட்கவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பதை மட்டும், அவள் சொன்ன வார்த்தையிலேயே, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுது.

அம்மா